கீழிருந்து பதினொரு மணிக்கு முன் யாரும் வரமாட்டார்கள்

போன மாதம் ஆபீசிலிருந்து போன் வந்தது. இனிமேல் ரூம் கொடுப்பது எல்லாம் கம்ப்யூட்டர் என்றார்கள். எந்த வகுப்புக்கு எந்த ரூம், எத்தனை மணிக்கு என்று அதுவே சொல்லுமாம். ஆனால் ரூம்களைப் பற்றி முதலில் அதற்கு யாராவது சொல்ல வேண்டும். வளாகப் பொறுப்பு மேடம் என்னைக் கேட்டு எழுதச் சொன்னதாக ஒரு தாள் வந்தது. பதினாலு ரூம். எத்தனை பேர் உட்காரலாம், ஃபேன் உண்டா, திரை உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் கட்டம். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். பதிமூன்று ரூமுக்கு அது காலி. ஒன்றுக்கு மட்டும் யாரோ முன்பே நிரப்பியிருந்தார்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் எட்டாவது வரை. எழுத வரும், நீட்டத் தெரியாது. கட்டத்துக்குள் எழுத ஆரம்பித்தேன். கட்டம் போதவில்லை. அதனால் தனித்தாளில் எழுதுகிறேன்.

பெயர் பொன்னுசாமி. ஊர் கிளியூர். ஒரு பல்கலைக்கழகத்தின் மலை வளாகத்தில் முப்பத்தொரு வருஷம் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவன். சாவி என் பொறுப்பு. அதற்கு முன் எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறித்தேன். புது வேலையைக் கற்றுக்கொள்ள அரை நாள் ஆனது. பதினாலு சாவி, பதினாலு ஆணி. மத்தியானச் சாப்பாட்டுக்குள் தெரிந்துவிட்டது. யாருக்கு எந்தச் சாவியைக் கொடுப்பது என்பதற்குத்தான் மீதி முப்பது வருஷம் ஆயிற்று.

எங்கள் வளாகத்தில் எந்தத் துறைக்கும் சொந்த ரூம் கிடையாது. ஐந்து துறைக்கும் எல்லா ரூமும் பொது. மேல் பிளாக்கில் எட்டு, கீழ் பிளாக்கில் ஆறு. நடுவில் எழுபத்திரண்டு படி. ரூம் எல்லாம் ஒன்றுபோல இருந்தால் சண்டை வராது. எங்கள் ரூம்கள் ஒன்றுபோல இல்லை.

மூன்றாம் நம்பர் ஒழுகும். ஜன்னல் பக்கத்து மூன்று பெஞ்சில் மட்டும். குறைவாக ஆள் இருக்கும் வகுப்புக்குச் சரி. ஐந்தாம் நம்பருக்குள் மூடுபனி வரும். கதவைச் சாத்தினாலும் வரும். கடைசி பெஞ்சுக்குப் போர்டு தெரியாது. அந்த ரூமைப் பசங்கள்தான் கேட்டு வாங்குவார்கள். பதின்மூன்றாம் நம்பர் ஜன்னலைக் குரங்குக்குத் திறக்கத் தெரியும். உள்ளே வந்து தயிர்சாத டப்பாவைத் தூக்கிக்கொண்டு போகும். கொக்கி மாற்றினோம். ரெண்டு நாளில் அதையும் கற்றுக்கொண்டது. பசங்கள் அந்த அளவுக்குக் கற்றுக்கொண்டால் போதும் என்று கணக்கு வாத்தியார் சொல்வார்.

ஏழாம் நம்பர் வெயில் ரூம். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை கிழக்கு ஜன்னலில் வெயில் விழும். பெரிய ரூம். படம் காட்டும் திரை அங்கே மட்டும்தான். குளிர் மாதங்களில் ஐந்து துறையும் ஏழாம் நம்பரைக் கேட்கும். டீன் ஆபீசும் கேட்கும்.

இதற்கு நான் எஸ்டேட் முறையைக் கொண்டுவந்தேன். எஸ்டேட்டில் காலை ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரில் ரைட்டர் ஆளுக்கு ஒரு வரிசைச் செடி பிரித்துக் கொடுப்பார். நேற்றுச் சரிவில் பறித்தவருக்கு இன்று சமநிலம். நேற்றுச் சமநிலம் என்றால் இன்று சரிவு. யாரும் பேச முடியாது. அதே மாதிரி ஐந்து துறைக்கும் தகரத்தில் ஐந்து வில்லை வெட்டி ஐந்து பெயிண்ட் அடித்தேன். காலை எட்டரைக்கு ஆணியில் சாவியோடு வில்லையை மாட்டுவேன். எந்த வில்லை தொங்குகிறதோ அவருக்கு ரூம். இன்று வெயில் ரூமில் உட்கார்ந்தவர் நாளை பதின்மூன்று. பேராசிரியரானாலும் இதுதான்.

இந்த முறை நன்றாக நடந்தது. சூப்பிரண்டு சார் மட்டும் இல்லாவிட்டால் இன்னும் நன்றாக நடந்திருக்கும்.

சூப்பிரண்டு நடேசன் சார் தங்கமான மனிதர். அவருக்கு ஒரு வார்த்தை வாயில் வராது. 'முடியாது'. ரூம் பதிவு நோட்டு அவரிடம் இருந்தது. அதில் பென்சிலால்தான் எழுதுவார். சட்டைப் பையில் ரப்பர் இருக்கும். ஒரு நாள் தாவரவியல் அம்மா வந்தார்.

"சார், வியாழக்கிழமை பத்து மணிக்கு ஏழாம் நம்பர் வேணுங்க."

"ஆகட்டும்ங்க."

எழுதினார். அம்மா வெளியே போன கையோடு கணக்கு வாத்தியார் உள்ளே வந்தார்.

"வியாழன் பத்து மணி, ஏழு. முடியாதுன்னு சொல்லிறாதீங்க சார்."

"அப்படிச் சொல்லுவனாங்க? ஆகட்டும்."

அதே கட்டத்தில், முன்பு எழுதியதன் மேலேயே எழுதினார்.

"சார், ரெண்டு பேருக்குமுங்களா?" என்றேன்.

"ரெண்டு பேரும் நல்லவங்க, பொன்னு."

"ரூம் ஒண்ணுதானுங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ பாத்துக்குவ. நான் பேங்க் வரைக்கும் போயிட்டு வந்தர்றேன்."

எப்போது சிக்கல் வந்தாலும் அவருக்குப் பேங்கில் வேலை வரும். பேங்க் திறக்காத ரெண்டாம் சனிக்கிழமையும் போயிருக்கிறார். நான் வில்லையைப் பார்த்துத் தீர்ப்பேன். முந்தின நாள் மோசமான ரூமில் இருந்தவர் யாரோ அவருக்கு ஏழு. மற்றவரிடம் நானே போய்ச் சொல்வேன். திட்டுவார்கள். திட்டு வாங்குவது என் வேலையில் ஒரு பகுதி. அதற்குக் கட்டம் இல்லை.

எனக்கு இன்னொரு முறையும் இருந்தது. இதை யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்து நானே கண்டது. கீழிருந்து, அதாவது மலைக்குக் கீழே இருந்து, வருகிறவர் யாரும் பதினொரு மணிக்கு முன் வரமாட்டார்.

பத்து மணிக்குக் கூட்டம் என்று அவர்களே நோட்டீஸ் அனுப்புவார்கள். ஆனால் அடிவாரத்தில் எலுமிச்சம்பழம் வாங்க இறங்குவார்கள். வளைவு ஏற ஏற ஒருவருக்காவது வாந்தி வரும். வண்டி நின்றால் மற்றவர்கள் குரங்கைப் படம் எடுப்பார்கள். மேலே வந்ததும் குளிருதே என்று பஜ்ஜிக் கடை. கூட்டம் தொடங்கப் பன்னிரண்டு ஆகும். அந்த ரெண்டு மணி நேரம் வெயில் ரூமைப் பூட்டி வைப்பது வீண். அதனால் நோட்டீசில் பத்து என்று இருந்தால் நான் பன்னிரண்டு என்று எடுத்துக்கொள்வேன். அதுவரை மலைக்காரர்களின் வேலைக்கு ஏழாம் நம்பரைக் கொடுத்துவிடுவேன். ஒரு முறைகூட ரெண்டும் மோதியது இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

ஓய்வு பெற ரெண்டு வருஷம் இருக்கும்போது மோதியது.

வணிகவியலில் பூங்கொடி மேடம் என்று ஒருவர். ஒன்பது வருஷமாகக் கௌரவ விரிவுரையாளர். நிரந்தரம் இல்லை. ஒரு நிரந்தர இடம் வந்திருந்தது. அதற்கு டாக்டர் பட்டம் வேண்டும். மலை விவசாயிகள் காப்பி விற்பதில் உள்ள சிரமம் பற்றி ஏழு வருஷம் ஆராய்ச்சி செய்து புத்தகம் கொடுத்துவிட்டார். மிச்சம் வைவா மட்டும். எல்லார் முன்னாலும் நடக்கிற வாய்மொழித் தேர்வு. கீழிருந்து ஒரு தேர்வாளர் வந்து கேள்வி கேட்பார். முதல் தடவை தேர்வாளருக்குக் காய்ச்சல். ரெண்டாம் தடவை மலைப்பாதையில் மரம் விழுந்து ரோடு அடைத்துவிட்டது. மூன்றாம் தடவை குறித்தது மாசி மாதம் ஒரு புதன்கிழமை, காலை பத்து மணி, ஏழாம் நம்பர். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அந்த வெள்ளிக்கிழமை.

அதே புதன்கிழமைக்கு விலங்கியல் டேவிட் சாரும் ஏழாம் நம்பரைக் கேட்டார். மலை விவசாயிகளுக்குத் தேனீ வளர்ப்புப் பயிற்சி. காப்பி பூப்பதற்கு முன் நடத்த வேண்டும். வெயில் வேண்டும், இல்லாவிட்டால் தேனீ பெட்டியை விட்டு வெளியே வராது என்றார். சூப்பிரண்டு சார் ஆகட்டும் என்றார். பென்சிலால் அதே கட்டத்தில் எழுதினார்.

நோட்டை நானும் பார்த்தேன். இந்த முறை எனக்குக் கவலையே வரவில்லை. தேர்வாளர் கீழிருந்து வருகிறவர். பன்னிரண்டு ஆகும். பயிற்சியைப் பதினொன்றரைக்கு முடிக்கச் சொல்லலாம் என்று விலங்கியல் வில்லையை மாட்டினேன். எனவே சூப்பிரண்டைச் சொல்லிப் பயனில்லை. தவறு என்னுடையது.

புதன் காலை ஒன்பதுக்கு முப்பத்தெட்டு விவசாயிகள் வந்துவிட்டார்கள். வெள்ளக்கடை கிராமத்திலிருந்து பாதிப் பேர் பைக்கில் வந்தார்கள். டேவிட் சார் முந்தின சாயங்காலமே ஏழாம் நம்பர் ஜன்னல் திட்டில் தேனீப் பெட்டியை வைத்திருந்தார். வெயில் பட்டதும் அதன் வாசலைத் திறந்துவிட்டார். தேனீக்கள் வெளியே போயின.

ஒன்பதரைக்கு ஒரு மங்கி குல்லா படியேறி வந்தது. கழுத்தில் மப்ளர், கையில் கேமரா.

"ஏழாம் நம்பர் எதுங்க?" என்றார்.

"இது காலேஜுங்க. லேக்கு அந்தப் பக்கம்" என்றேன்.

"லேக் நேத்தே பாத்தாச்சு. நான் எக்ஸாமினர்."

"எப்பங்க வந்தீங்க?"

"நேத்து சாயங்காலமே. வீட்ல போட்ல போகணும்னு ஆசைப்பட்டாங்க. லாட்ஜ்ல தங்கிட்டோம்."

என் முப்பது வருஷத்து முறை ஒரு படகில் போய்விட்டது.

அவரை ஆபீசில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். சூப்பிரண்டு சார் எட்டிப் பார்த்தார். "யாரு?" என்றார். சொன்னேன். கண்ணாடியைத் துடைத்தார். பேங்க் பையை எடுத்தார்.

அதற்குள் பூங்கொடி மேடம் பட்டுப்புடவையில் வந்துவிட்டார். கையில் லேப்டாப். ஏழாம் நம்பர் கதவில் நின்று உள்ளே பார்த்தார். பெஞ்ச் முழுக்கத் தலைப்பாகை. கத்தவில்லை. வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மூணாவது தடவைங்கண்ணா" என்றார். "மரம் விழுந்தா கடவுள் செயல்னு இருந்தேன். இது என்னங்கண்ணா?"

"இது என் செயலுங்க. எந்திரிங்க, பட்டு அழுக்காயிரும்" என்றேன்.

வேறு ரூமுக்கு மாற்றலாமா என்று தேர்வாளரிடம் கேட்டேன். அன்று மற்ற ரூம் எல்லாம் டெஸ்ட். ஒழுகுகிற மூன்றாம் நம்பர் மட்டும் காலி. தேர்வாளர் விதி தெரிந்தவர்.

"நோட்டீஸ்ல ஏழுன்னா ஏழுலதான் நடக்கணும். மாத்தினா நாளைக்கு ஒருத்தன் புகார் குடுப்பான், எல்லாம் செல்லாமப் போயிடும். கதவு திறந்திருக்கணும். யார் வேணா வந்து உட்காரலாம். உட்கார்ந்தவங்க கையெழுத்துப் போடணும். அதுதான் பொது வைவா."

"யாரு வேணும்னாலுமுங்களா?"

"யார் வேணும்னாலும்."

அது போதும். ஏழுக்குப் போனேன். டேவிட் சார் முதலிலேயே கையை விரித்தார்.

"பெட்டிய அசைக்க முடியாது பொன்னு. வெளிய போனது அத்தனையும் இந்த ஜன்னலுக்குத்தான் திரும்பும். பெட்டி இங்க இல்லன்னா ரூம் பூரா தேடும்."

அது எனக்குப் புதிதில்லை. மாணவர்களும் அப்படித்தான். நேற்று உட்கார்ந்த ரூமுக்கே வருவார்கள். ரூம் மாற்றிய நோட்டீசைத் தேனீயும் படிக்காது, அவர்களும் படிக்கமாட்டார்கள்.

"பெட்டியும் அசைய வேண்டாம், நீங்களும் அசைய வேண்டாங்க சார். ஒரு மணி நேரம் எல்லாரும் சும்மா உக்காந்திருங்க" என்றேன்.

முன்பெஞ்சில் வெள்ளக்கடை சடையண்ணன் இருந்தார். காப்பியும் மிளகும் போட்டிருக்கிற பெரிய விவசாயி. அவர் பேசினால் மற்றவர்கள் கேட்பார்கள்.

"ஏனுங்க பொன்னுசாமி, மொத பஸ்ஸப் புடிச்சு வந்தவங்களச் சும்மா உக்காரச் சொன்னா எப்புடி?"

"ஒரு புள்ளைக்குப் பரீட்சைங்கண்ணா. நாம உக்காந்து கேக்கோணும். அவ்வளவுதான்."

"என்ன பரீட்சை?"

"நாம காப்பி விக்கறதுல என்னென்ன கஷ்டம்னு படிச்சிருக்குதுங்க."

"எத்தன வருசம் படிச்சுது?"

"ஏழு வருசம்."

"அட சாமி! எங்களக் கேட்டிருந்தா ஒரு டீ குடிக்கற நேரத்துல சொல்லியிருப்பமே" என்றார். ரூம் முழுக்கச் சிரிப்பு. சிரித்துவிட்டதால் மறுக்க முடியவில்லை, நகர்ந்து உட்கார்ந்து மேடைக்கு இடம் விட்டார்கள்.

பத்து மணிக்குத் தொடங்கியது. வணிகவியல் துறைத் தலைவர் எல்லாரையும் வரவேற்றார். பூங்கொடி மேடம் திரையில் படம் போட்டுப் பேசினார். விவசாயிகள் ஒவ்வொரு படத்துக்கும் தலையாட்டினார்கள். தரகர் படம் வந்தபோது மட்டும் உச்சுக் கொட்டினார்கள். நான் கதவோரம் நின்றேன்.

நடுவில் ஒரு தேனீ உள்ளே வந்து ஒரு சுற்றுச் சுற்றித் தேர்வாளரின் மங்கி குல்லாவில் உட்கார்ந்தது. கம்பளி அதற்குப் பிடித்துப் போயிற்று. அவர் கையைத் தூக்கினார்.

"அசையாதீங்க சாமி!" என்று முப்பத்தெட்டுப் பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அவர் கையை மெதுவாக இறக்கினார். அதற்குப் பிறகு கண்ணை மட்டும் அசைத்துத்தான் கேள்வி கேட்டார். ஆனாலும் ஆள் லேசில் விடுகிறவர் இல்லை.

"இத்தனை விவசாயிகளை வீடு வீடாப் போய் நேர்ல கேட்டதா எழுதியிருக்கீங்க" என்றார். "நேத்துதான் இந்த ரோட்டுல ஏறி வந்தேன். உள் கிராமத்துக்கு எல்லாம் எப்படிப் போயிருப்பீங்கன்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. நிஜமாவே போனீங்களா, உட்கார்ந்த எடத்துலயே நிரப்பினீங்களா?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னாலும் அதை நிரூபிக்க வேண்டும். துறைத் தலைவர் தரையைப் பார்த்தார். பூங்கொடி மேடம் வாயைத் திறந்தார்.

அதற்குள் சடையண்ணன் எழுந்தார். மேடத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே எழுந்தார்.

"அட, இந்தப் புள்ளையா? பட்டுப்பொடவைல அடையாளமே தெரியல. வந்துச்சுங்க. எங்க ஊட்டுக்கு வந்துச்சு. எங்க நாய் கடிச்சுதுங்க."

"என்ன?" என்றார் தேர்வாளர், தலையைத் திருப்பாமல்.

"நாயுங்க. கெண்டைக்கால்ல. நானே பைக்குல உக்கார வெச்சு ஊசி போடக் கூட்டிக்கிட்டுப் போனனுங்க. கேள்வி இன்னும் மூணு பாக்கி இருக்குதுன்னு ஊசி போட்டுக்கிட்டுத் திரும்பி வந்து அதையும் கேட்டுச்சு. நொம்பப் புடிவாதமுங்க."

பின்னால் ஒருவர், "எங்க ஊட்டுக்கும் வந்துச்சுங்க" என்றார். "பலாச்சொள குடுத்தம். கேள்வி முடியாமத் திங்க மாட்டன்னுடுச்சு."

"எனக்குக் கேள்வி வெளங்கலீன்னு நாலு தரம் படிச்சுதுங்க" என்றார் இன்னொருவர். "நாலாந்தரமும் வெளங்கல. அது வேற."

தேர்வாளர் தலையாட்ட முடியாது. "சரி" என்று வாயால் சொன்னார். பிறகு, "நாயைப் பத்தி ஆய்வேட்டுல ஏன் எழுதல?" என்று கேட்டார். அதுதான் கடைசிக் கேள்வி. மேடம் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

பட்டம் கொடுக்கப் பரிந்துரைக்கிறேன் என்று தேர்வாளர் எழுந்து சொன்னார். கை தட்டிய தட்டில் தேனீ பறந்து பெட்டிக்குப் போய்விட்டது. வந்தவர்கள் கையெழுத்துத் தாளில் பத்துக் கோடு இருந்தது. வைவாவுக்கு அதற்கு மேல் ஆள் வந்ததில்லை. இன்னும் நாலு தாள் ஒட்டினோம். சடையண்ணன் கையெழுத்துக்குப் பக்கத்தில் 'நாய் வீட்டுக்காரர்' என்று எழுதியிருந்தார். தேர்வாளர் அதை அடிக்கவில்லை. மீதிப் பயிற்சிக்கு அவரும் உட்கார்ந்துகொண்டார். மத்தியானம் வரை இருந்து பெட்டி என்ன விலை என்று கேட்டுவிட்டுப் போனார்.

சூப்பிரண்டு சார் பேங்கிலிருந்து வந்து நோட்டைத் திறந்தார்.

"எல்லாம் ஆச்சா?"

"ஆச்சுங்க."

"ரெண்டுமா? ஒரே நேரத்துலயா?"

"நீங்க ரெண்டு பேருக்கும் ஆகட்டும்னீங்க. ஆயிருச்சுங்க சார்."

கட்டத்தை ரப்பரால் அழித்தார். பிறகு பையிலிருந்து பேனா எடுத்தார். நான் பார்த்த வரையில் அந்த நோட்டில் அவர் பேனா வைத்தது அந்த ஒரு நாள்தான். ஒன்றன் கீழ் ஒன்றாக ரெண்டையும் மையில் எழுதினார்.

சாயங்காலம் ஆணிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பூங்கொடி மேடம் ஏழாம் நம்பர் சாவியைக் கொண்டுவந்தார். எல்லாரும் சாவியைக் கதவிலேயே விட்டுப் போவார்கள். இவர் ஆணியில் மாட்டினார். வெள்ளிக்கிழமைக்குள் போய்விடும் என்றார். விண்ணப்பத்தைச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

"நாளைக்கு எனக்கு எந்த ரூமுங்கண்ணா?"

"பதின்மூணுங்க."

"குரங்கு ரூமா?"

"இன்னைக்கு வெயில்ல உக்காந்தீங்கல்ல. முறைன்னு ஒண்ணு இருக்குதுங்க, டாக்டரம்மா."

தர்க்கம் பண்ணுவார் என்று நினைத்தேன். "சரிங்கண்ணா. நாளைக்குத் தயிர்சாதம் கொண்டு வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மறுநாள் எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்தார். அதையும் குரங்கு எடுத்துக்கொண்டது.

தாளை நிரப்பிவிட்டேன். மூன்றுக்கு ஒழுகல், ஐந்துக்கு மூடுபனி என்று எழுதினேன். ஏழுக்கு 'வெயில். கீழிருந்து வருகிறவர் முந்தின நாளே வந்துவிட்டாரா என்று விசாரிக்கவும்' என்று எழுதினேன். பதின்மூன்றுக்கு நான் எழுத வேண்டியிருக்கவில்லை. இப்போது பொறுப்பு மேடம் ஆகிவிட்ட டாக்டரம்மா முன்பே எழுதியிருந்தார், பென்சிலால் இல்லை, மையில்.

'எந்தச் சாதமும் கூடாது.'